பொன்னை நோக்கிச் சென்ற மின்சாரம்

மைசூரிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சாலைவழியாகச் செல்வோர் பெரும்பாலும் பெங்களூரை நோக்கி நேரே விரைந்துவிடுவர். மளவள்ளி வழியாகச் சற்றுச் சுற்றிச் செல்பவர்கள் சிவசமுத்திரத்தைக் காணலாம். காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து பாறைகளில் வீழும் அவ்விடத்தில், திவான் சேஷாத்ரி ஐயரின் முயற்சியால் உருவான நீர்மின் நிலையம் 1902-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரம் பக்கத்து ஊர்களுக்கு விளக்கேற்றச் செல்லவில்லை. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பிகளில் ஓடி, தங்கச் சுரங்கங்களையே முதலில் அடைந்தது. பெங்களூர்த் தெருக்களுக்கு 1905-லும், சமஸ்தானத்தின் தலைநகரான மைசூருக்கு 1908-லும்தான் அந்த வெளிச்சம் கிட்டியது. மனிதன் எதை முதலில் வைக்கிறான் என்பதற்கு இவ்வாண்டுகளின் வரிசையே சான்று.

1802-ஆம் ஆண்டு வாரன் என்ற ஆங்கில அதிகாரி அப்பகுதியில் நில அளவைக்காக வந்தபோது, உரிகம் கிராமத்து மக்கள் மண்ணை நீரில் அலசிப் பொற்றுகள்களைக் காட்டினர். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்தனர். அதன்பின் தோண்டுதல் நிற்கவே இல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. அந்த ஆழத்தில் பாறையே 60 பாகைக்கு மேல் கொதித்தது. சில வேளைகளில் பாறை தானாகவே வெடித்துச் சிதறி உயிர்களைக் குடித்தது. ஆழம் கூடக்கூட, கிடைத்த பொன்னோ குறைந்துகொண்டே வந்தது.

பகவத்கீதை (14.12) ரஜோ குணம் ஓங்கும்போது தோன்றும் அறிகுறிகளைக் கூறுகையில், லோபத்தை முதலில் வைக்கிறது. ஓயாத முயற்சி, புதிய செயல்களைத் தொடங்கிக்கொண்டே இருத்தல், அமைதியின்மை, வேட்கை ஆகியவை அதைத் தொடர்ந்து வருகின்றன. செயலூக்கம் வேறு, லோபம் வேறு என்பதைச் சாதகர் மறத்தலாகாது. சுரங்கத்திற்காகப் பிறந்த மின்சாரம் பின்னர் வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் வந்ததை யாரும் மறுக்க இயலாது.

லோபம் என்றால் என்ன? இங்கு இரு ஆச்சாரியர்கள் இரு பொருள் உரைக்கின்றனர். பிறர் பொருளைக் கவர விழைவதே லோபம் என்பது சங்கரர் உரை. தன் பொருளை விட்டுக்கொடுக்க மனம் வராமையே லோபம் என்பது இராமானுஜர் உரை.

முதற்பொருளைத் தங்கவயலில் கண்ணாரக் காணலாம். வெட்டியெடுத்த பொன்னின் பெரும்பகுதி கடல்கடந்து சென்றது. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கிய தமிழ்த் தொழிலாளரைப் பேராசைக்காரர் என எவரும் கூறார். அவர்கள் தோண்டிய பொன்னில் ஒரு குன்றிமணிகூட அவர்களுடையதன்று. நுரையீரலில் படிந்த கல்தூசி மட்டும் அவர்களுடையதாயிற்று. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. கழிவு மண்ணாலான சயனைடு மேடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன. மாரிக்குப்பத்திலிருந்து அதிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் பலர்.

இராமானுஜரின் பொருளோ வெகுதூரம் செல்லாமலே, நம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கச் சொல்கிறது. கோலார் தங்கவயல் சுமார் 120 ஆண்டுகளில் அளித்த பொன் ஏறத்தாழ 800 டன். நம் நாடு இப்போது சில ஆண்டுகளில் ஓராண்டுக்குள்ளேயே அந்த அளவுக்குப் பொன் வாங்குகிறது. பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து வருவது. மகளின் திருமணத்திற்கெனச் சேர்த்த இரண்டு சவரனைப் பேராசை என்பது கொடுமை. ஆனால் யாரும் அணியாமல், யாருக்கும் உதவாமல், வங்கிப் பெட்டகத்தில் உறங்கும் பொன்னுக்கு என்ன பெயரிடுவது? எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் நமக்காக இன்னும் ஆழமாக இறங்கிக்கொண்டிருக்கிறார்.

தங்கவயல் செழித்தோங்கிய நாட்களில்தான், 1892-இல், சுவாமி விவேகானந்தர் பரிவிராஜகராக மைசூருக்கு எழுந்தருளினார். மன்னர் சாமராஜேந்திர உடையாரும் அதே சேஷாத்ரி ஐயரும் அவரைப் போற்றி உபசரித்தனர். வேண்டியதை எல்லாம் வாங்கித் தருமாறு கூறித் திவான் தம் செயலருடன் சுவாமிஜியைக் கடைவீதிக்கு அனுப்பிவைத்தார். சுவாமிஜி கடைகளிலிருந்த அழகிய பொருள்களை எல்லாம் குழந்தையைப் போல் பார்த்து மகிழ்ந்தார். பொருள்களை அவர் வெறுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இறுதியில் வாங்கிக்கொண்டதோ ஒரு ரூபாய்க்கும் குறைந்த விலையுள்ள சுருட்டு ஒன்றே. மன்னர் பரிசு பெற்றே ஆகவேண்டுமென வற்புறுத்தியபோது, உலோகம் கலவாத ஹூக்கா ஒன்று போதும் என்றார். பொன் விளையும் சமஸ்தானத்தின் அரசர் நூக்கமரத்தில் செதுக்கிய புகைக்குழாயை அளித்தார். விடைபெறும் வேளையில் திவான் ஒரு கட்டு நோட்டுகளை அவரது சட்டைப்பையில் திணிக்க முயன்றார். சுவாமிஜி அதை ஏற்கவில்லை. அடுத்து செல்லவிருந்த ஊருக்கு ஒரு ரயில் சீட்டை மட்டும் பெற்றுக்கொண்டார்.