சேவுப் பொட்டலத்தில் ஒரு கணக்கு

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போகிறீர்களா? பிள்ளைகளுக்கு வாய்க்கணக்கை வழியிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம். சாத்தூரில் 1 கிலோ காரச்சேவு வாங்கினால், "கால் கிலோ வீதம் எத்தனை வீட்டுக்குக் கொடுக்கலாம்?" என்று கேளுங்கள். வெள்ளரிக்காய் இன்னும் தோது. 5 காய், காய்க்கு 4 கீற்று, சாப்பிட 6 பேர். ஆளுக்கு 3 போக 2 மிஞ்சும். கரும்பலகையில் பிடிபடாத வகுத்தல் மீதி, அந்த 2 கீற்றுக்குச் சண்டை வரும்போது பளிச்சென்று புரிந்துவிடும்!

கோயிலில் பொங்கல் வைக்கும்போது பின்னம். 1 ஆழாக்கு அரிசிக்குக் கால் ஆழாக்கு பாசிப்பருப்பு என்றால், 6 ஆழாக்குக்கு எவ்வளவு? தாளைத் தேடாதீர்கள், ஆழாக்கைக் கையில் கொடுத்து, கால் காலாக அளந்து கொட்டச் சொல்லுங்கள். ஒன்றரை வந்து நிற்கும். பானையில் போடுவது மட்டும் பெரியவர்கள் வேலை.