மூலிகையும் மாத்திரையும்: சர்ப்பகந்தா வேர் தரும் பாடம்

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "ஆயுசு முழுக்க இந்த பிரஷர் மாத்திரையை விழுங்கணுமா? இதுக்கு நாட்டு மருந்து எதுவும் இல்லையா?" கேட்பவர் வாப்பாவாக இருக்கலாம், உம்மம்மாவாக இருக்கலாம். கேள்வியில் தவறு இல்லை. ஆனால் பதில் கிடைக்கும் முன்பே மாத்திரையை நிறுத்திவிட்டு, யாரோ சொன்ன பொடியை வாங்கிக் குடிப்பவர்கள் நம் சமுதாயத்தில் குறைவில்லை. ரத்த அழுத்தம் வலி தராத நோய். அது கூடியிருப்பது உடம்புக்குத் தெரியாது. பலருக்கு அது தெரிய வரும் நாள், பக்கவாதம் வந்து விழுகிற நாளாகவே இருக்கிறது.

ஆகவே இந்த மாதப் பாடத்தில், ரத்த அழுத்தத்துக்கு உண்மையாகவே மருந்தான ஒரு மூலிகையின் வரலாற்றைப் படிப்போம். அதில் நமக்குப் பெருமையும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது.

மருந்து தேடுவது மார்க்கம் காட்டிய வழி

அல்லாஹ் எந்த நோயை இறக்கினாலும் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த நம்பிக்கை. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, ஹாரிஸ் இப்னு கலதா என்ற மருத்துவரிடம் செல்லும்படி நபியவர்கள் சொன்னதாக அபூதாவூதில் அறிவிப்பு இருக்கிறது. மருத்துவம் அறியாதவர் வைத்தியம் பார்த்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்திலும் அதே நூலில் ஹதீஸ் உண்டு. மருந்தைத் தேட வேண்டும், அதை அறிந்தவரிடம் தேட வேண்டும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிப்போம்.

ஒரு ஹக்கீமும் ஒரு வேதியியலாளரும்

சர்ப்பகந்தா ஒரு சிறு செடி. முழங்கால் உயரமோ சற்று அதிகமோ வளரும். நம் நாட்டின் ஈரமான காடுகளில் காணலாம். இதன் வேரைப் பீகார் பகுதி மக்கள் தூக்கமின்மைக்கும் சித்தப்பிரமைக்கும் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். புத்தி பேதலித்தவர்களுக்கான மருந்து என்றே அங்கு இதற்கு ஒரு பெயர் உண்டு. பாம்புக்கடிக்கும் கொடுத்தார்கள்.

டெல்லியின் புகழ்பெற்ற யூனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கான் (1868–1927), பரம்பரை மருந்துகளை நவீன வேதியியல் முறையில் ஆராய வேண்டும் என்று விரும்பினார். அவர் முயற்சியால் உருவான ஆயுர்வேத, யூனானி திப்பியா கல்லூரியை 1921இல் காந்தியடிகள் திறந்து வைத்தார். ஜெர்மனியில் முனைவர் பட்டம் பெற்ற சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற இளம் வேதியியலாளரிடம் அங்கு ஓர் ஆய்வுக்கூடம் அமைக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். 1927 டிசம்பரில் ஹக்கீம் சாகிப் வஃபாத்தாகிவிட்டார். ஆனாலும் வேலை நிற்கவில்லை.

1931இல் சித்தீக்கி சர்ப்பகந்தா வேரிலிருந்து பல ஆல்கலாய்டுகளைத் தனித்தனியே பிரித்தெடுத்து வெளியிட்டார். ஆல்கலாய்டு என்பது செடி தனக்குள் உண்டாக்கும், சிறு அளவிலேயே உடம்பில் வேலை செய்யும் சத்து. அவற்றில் ஒன்றுக்கு, தம்மை ஊக்குவித்த பெரியவரின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். ஒரு யூனானி ஹக்கீமின் பெயர் அப்படித்தான் உலக வேதியியல் நூல்களில் ஏறியது.

வேர் மாத்திரையானது எப்படி?

அதே 1931இல், கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் இந்த வேர் மனநோயோடு ரத்த அழுத்தத்துக்கும் உதவுகிறது என்று எழுதினார்கள். பம்பாயின் இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், உயர் ரத்த அழுத்தம் உள்ள 50 நோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்து, அழுத்தத்தை அளந்து, முடிவுகளை 1949இல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகத்தின் பார்வை சர்ப்பகந்தா மீது திரும்பியது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் வேரின் முக்கிய சத்தான 'ரெசர்பின்' என்பதைப் பிரித்தெடுத்தார்கள். சிறிது காலத்திலேயே அது பல நாடுகளில் ரத்த அழுத்த மாத்திரையாக விற்பனைக்கு வந்தது.

அதோடு கதை முடியவில்லை. இலட்சக்கணக்கானோர் சாப்பிடத் தொடங்கியபோதுதான் மறுபக்கம் தெரிந்தது. சிலருக்கு மூக்கடைப்பு, சிலருக்கு வயிற்றுப் புண், சிலருக்கு ஆழ்ந்த மனச்சோர்வு. குறிப்பாக அளவு கூடியபோது தொல்லையும் கூடியது. மருத்துவர்கள் அளவைக் குறைத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராமில் கால் பங்கும் அதற்குக் குறைவும் போதும் என்று கண்டார்கள். பிறகு இதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் வந்ததால் ரெசர்பின் இன்று பெரும்பாலும் ஒதுங்கிவிட்டது. அஜ்மலினோ, பரம்பரையாக வரும் ஒருவகை இதயத் துடிப்புக் கோளாறைக் கண்டறியும் சோதனைக்காக, மருத்துவமனையில் இ.சி.ஜி. பார்த்துக்கொண்டே போடும் ஊசி மருந்தாக இன்றும் பயன்படுகிறது.

நமக்கான பாடங்கள்

*முதலாவது:* பெரியவர்களின் கைவைத்தியத்தை ஏளனம் செய்யக் கூடாது. அந்த வேரைப் பற்றிய மக்களின் அனுபவம் இல்லாவிட்டால் சித்தீக்கி அதை ஆராய்ந்திருக்கவே மாட்டார்.

*இரண்டாவது:* எல்லா அனுபவமும் சரியாக இருப்பதில்லை. அதே வேரைப் பாம்புக்கடிக்கும் கொடுத்தார்களே, அது விஷத்தை முறிக்காது. பாம்பு கடித்தால் அரசு மருத்துவமனைக்கு உடனே போய் விஷமுறிவு ஊசி போடுவதே வழி. எது பலன் தரும், எது தராது என்பதைச் சோதனையே பிரித்துக் காட்டுகிறது.

*மூன்றாவது:* "மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது" என்பது தவறு. நோயைத் தணிக்கும் அளவுக்கு வலிமை உள்ள பொருளுக்குத் தீங்கு செய்யும் வலிமையும் உண்டு. வேரில் உள்ள சத்தின் அளவு மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். ஒரு ஸ்பூன் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

நம் அஞ்சறைப் பெட்டியில்

அதிமதுரம் இருமலுக்கு நல்லது என்று நாம் அறிவோம். அதையே வாரக்கணக்கில் தினமும் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். பிரஷர் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெந்தயம் சர்க்கரையைக் குறைக்கும் இயல்புடையது. சுகர் மாத்திரையோடு அதிக அளவில் சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

கருஞ்சீரகத்தின் சிறப்பை ஹதீஸ் வழியாக நாம் அறிந்திருக்கிறோம். இன்றைய ஆய்வுகள் சிலவற்றிலும் அது சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஓரளவு குறைப்பதாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஹதீஸின் பொதுவான சொல்லை, நோய்க்கும் நோயாளிக்கும் ஏற்பப் பொருள் கொள்ள வேண்டும் என்று விளக்கிய ஹதீஸ் விரிவுரையாளர்கள் உண்டு. கருஞ்சீரகம் சாப்பிடுவது சுன்னத்தான ஆசை. அதற்காக இன்சுலினை நிறுத்தும்படி எந்த ஹதீஸும் சொல்லவில்லை.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. பிரஷர், சுகர், வலிப்பு, தைராய்டு, மனநல மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் ஒருநாளும் நிறுத்த வேண்டாம்.

2. வீட்டில் சாப்பிடும் பொடி, லேகியம், கஷாயம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

3. யூனானி, சித்த மருத்துவம் விரும்பினால் பட்டம் பெற்று, பதிவு செய்த மருத்துவரிடம் செல்லுங்கள். அவரிடமும் நீங்கள் சாப்பிடும் ஆங்கில மருந்துகளைச் சொல்லுங்கள்.

4. உரிம எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி இல்லாத மருந்தை வாங்க வேண்டாம். மூட்டுவலி, ஆஸ்துமாவை ஒரே வாரத்தில் போக்குவதாக விற்கப்படும் சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

5. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்குக் கேள்விப்பட்ட மருந்து எதையும் கொடுக்க வேண்டாம். சர்ப்பகந்தாவைக் கர்ப்பிணிகளும், மனச்சோர்வோ வயிற்றுப் புண்ணோ உள்ளவர்களும் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

குடும்பத்தோடு உட்கார்ந்து பேச

நம் வீட்டில் யார் யார் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்கள்? மருத்துவருக்குச் சொல்லாமல் சாப்பிடும் மூலிகை ஏதேனும் உண்டா? பெரியவர்களுக்குக் கடைசியாக பிரஷர் பார்த்தது எப்போது?

மூன்றாவது கேள்விக்கு யாருக்கும் பதில் தெரியவில்லையென்றால், நாளைக் காலையிலேயே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். அங்கு காசு கேட்க மாட்டார்கள். நம் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஆஃபியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.