பொத்தானும் தபாலட்டையும்



பட்டம் பெற்றபின் தொலைக்காட்சித் துறையில் மேற்படிப்புப் படிக்கலாமா என்று யோசிக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இதற்கு நீண்ட பெயர் வைத்திருக்கிறார்கள்: இருவழி டிஜிட்டல் தொலைக்காட்சித் தயாரிப்பும் முகாமைத்துவமும். பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம். நிலையம் பேசும், நாம் பார்ப்போம் என்பது ஒருவழி. பார்ப்பவரும் பதில் சொல்ல வழியிருந்தால் அது இருவழி. அவ்வளவுதான்.

டிஜிட்டல் முறையில் படமும் ஒலியும் எண்களாக மாற்றப்பட்டுச் சுருக்கி அனுப்பப்படுகின்றன. ஆகவே முன்பு ஒரு நிகழ்ச்சி மாத்திரம் வந்த இடத்தில் பல நிகழ்ச்சிகளும், கூடவே எழுத்துத் தகவல்களும் வரக்கூடும். ஜப்பானில் 2003 டிசம்பரில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்புத் தொடங்கியது. அங்கே கையிலுள்ள கருவியில் நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள் என நான்கு பொத்தான்கள் உண்டு. இலங்கையும் 2014இல் ஜப்பானிய முறையையே தெரிவுசெய்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அன்டெனா வழியாக வருவது உண்டு, போவது இல்லை. பார்ப்பவரின் பதில் தொலைபேசி வழியாகவோ இணையம் வழியாகவோதான் திரும்ப வேண்டும். இந்தத் திரும்பும் பாதையே படிப்பின் உயிர்நாடி.

பழைய உதாரணம் ஒன்று. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், 1977 டிசம்பர் 1ஆம் திகதி, கியூப் என்னும் கேபிள் தொலைக்காட்சி ஆரம்பமாயிற்று. வீட்டிலிருந்தபடியே ஐந்து பொத்தான்களில் ஒன்றை அழுத்தி நிலையத்துக்குப் பதில் சொல்லலாம். உலகமே வியந்தது. செலவு தாங்காமல் 1984இல் அது நின்றது. செலவை விடுங்கள், கேள்வி யாருடையது? நிலையத்தினுடையது. அந்த ஐந்து விடைகளுக்கு வெளியே ஆறாவது ஒன்றைச் சொல்ல வழியில்லை.

இனி நம் கொத்மலைக்கு வருவோம். 1979க்கும் 1985க்கும் இடையில் கொத்மலை அணை எழுந்தது. வீடுகளும் வயல்களும் நீருக்குள் போயின. பல குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. இப்படி மகாவலித் திட்டத்தால் இடம் மாறியவர்களுக்காக, டென்மார்க்கினதும் யுனெஸ்கோவினதும் உதவியுடன், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1980களின் தொடக்கத்தில் மகாவலிச் சமுதாய வானொலியை நடத்தத் தொடங்கியது. தயாரிப்பாளர்கள் கிராமத்துக்கே வந்து, சில நாட்கள் தங்கி, அங்குள்ளவர்களைக் கொண்டே நிகழ்ச்சி செய்தார்கள். அதன் பிள்ளையாக 1989இல் பிறந்தது கொத்மலை வானொலி.

1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியால் இந்நிலையத்துக்கு இணைய இணைப்புக் கிடைத்தது. அன்று தோட்டத்திலோ கிராமத்திலோ கணனியைக் கண்டவர் எத்தனை பேர்? கண்டாலும் அதிலுள்ளது பெரும்பாலும் ஆங்கிலம். ஆகவே நேயர்கள் தங்கள் கேள்விகளைத் தபாலிலும் தொலைபேசியிலும் அனுப்பினார்கள். அறிவிப்பாளர் கணனி முன் அமர்ந்து தேடினார். மருத்துவக் கேள்வியென்றால் வைத்தியர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். கிடைத்ததை மக்களின் மொழியில், கேட்டவருக்கு விளங்கும் விதமாக, வானொலியில் சொன்னார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணனிகள் வைக்கப்பட்டன. பின்னர் மடிக்கணனியையும் ஒலிபெருக்கியையும் ஏற்றிக்கொண்டு ஒரு முச்சக்கர வண்டியும் ஊரூராகப் போயிற்று. (நம்மவர் கண்டுபிடித்த ஒளிபரப்பு வண்டி என்று சொன்னால் மிகையாகாது!)

இங்கே திரும்பும் பாதை ஒரு தபாலட்டை. பதில் வரச் சில நாட்கள் ஆகலாம். ஆயினும் கேள்வி கேட்டவருடையது. கொலம்பஸ் நகரத்துப் பொத்தானை விட மாவத்துரைக்கு வந்த தபாலட்டையே உண்மையான இருவழி என்பது என் எண்ணம்.

குறைகளையும் மறைக்கக்கூடாது. முகாமைத்துவப் பாடத்தின் கடினமான பகுதி இதுதான். நிலையம் கூட்டுத்தாபனத்துக்கு உரியது. சமுதாய வானொலி என்று பெயர் இருந்தும், அனுமதிப்பத்திரம் சமுதாயத்தின் கையில் இல்லை. வெளிநாட்டு உதவி நின்றபின் இணைப்புக்கான கட்டணத்தை யார் கட்டுவது? சிங்களக் கிராமமும் தமிழ்த் தோட்டமும் ஒரே மலைச்சரிவில் இருக்கையில், தமிழில் வரும் கேள்வியை வாசிக்க நிலையத்தில் எத்தனை பேர் இருக்க வேண்டும்? கமராவை விட இவை முக்கியமான கேள்விகள்.

ஆகவே, பாடத்திட்டம் கைக்குக் கிடைத்ததும் கருவிகளின் பட்டியலை மாத்திரம் பார்த்து மயங்காதீர்கள். கணக்கு, அனுமதிச் சட்டம், நேயர் ஆய்வு ஆகியவை அதில் உண்டா? மாணவர் ஓர் ஊரில் தங்கி, ஊராருடன் நிகழ்ச்சி செய்யும் பயிற்சி உண்டா? இல்லையென்றால் அதே பணத்துக்கு வேறு படிப்பைத் தேடலாம்.

விண்ணப்பம் அனுப்புமுன் இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, கொழுந்து நிறுக்கும் மடுவத்தருகே ஒரு மாலை நில்லுங்கள். அங்கு வரும் பெண்களிடம், "தொலைக்காட்சியிடம் ஒரு கேள்வி கேட்கலாமென்றால் எதைக் கேட்பீர்கள், அக்கா?" என்று விசாரித்து, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். நேர்முகப் பரீட்சைக்குப் போகும்போது அந்தக் கொப்பியும் கையில் இருக்கட்டும்.