பிரசவப் பையும் தகப்பனின் கடமையும்



கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு வந்து இறங்குமுன்பே பில், பட்டியல், சுங்கப் பத்திரம் யாவற்றையும் நாம் ஆயத்தமாக வைக்கிறோம். வீட்டுக்கு வரவிருக்கும் பிள்ளையின் விஷயத்திலோ, 'அது பெண்கள் பாடு' என்று இருந்து விடுகிறோம். இது சரியன்று. துணிமணிகளை மனைவி எடுத்து வைப்பாள். ஆனால் பையில் முதலில் வைக்க வேண்டியவை பெரும்பாலும் கணவனின் பெட்டியில்தான் இருக்கின்றன.

36-வது வாரத்துக்குள் பை கட்டி முடிந்திருக்க வேண்டும்.

1. பத்திரங்கள்: கிளினிக்கில் கொடுத்த கர்ப்பகாலப் பரிசோதனைப் புத்தகம், இருவரின் அடையாளக் கார்டு, நிக்காஹ் சான்றிதழ். தாய் வெளிநாட்டவரானால் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். ஆஸ்பத்திரி முன்பணத்தையும் விசாரித்து வையுங்கள்.

நிக்காஹ் சான்றிதழ் ஏன்? தீபகற்ப மலேசியாவில் பிள்ளையின் பிறப்பை 60 நாட்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதிய வேண்டும். அங்கே அதைக் கேட்பார்கள். நம்மில் சிலர் தமிழ்நாட்டுக்குச் சென்று நிக்காஹ் முடித்து, ஜமாஅத் புத்தகத்தில் எழுதியதோடு நின்று விடுகின்றனர். தந்தை மலேசியக் குடிமகன், தாய் வெளிநாட்டவர், திருமணமோ இங்கே பதிவாகவில்லை என்றால், பிள்ளைக்குத் தந்தையின் குடியுரிமை கிடைப்பதே சிக்கலாகிவிடும். வெளிநாட்டில் நிக்காஹ் செய்தோர் ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டுமென்பது கோலாலம்பூருக்கான 1984-ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தின் விதி. தவறியவர்கள் பிரசவம் வரை காத்திராமல் இன்றே சமய இலாகாவை அணுகுங்கள்.

2. தாய்க்கு: பத்திக் கைலி மூன்று நான்கு, முன்புறம் பொத்தான் வைத்த சட்டை, தலைத்துணி, உள்ளாடை, பிரசவத்துக்குப் பின் வைக்கும் பெரிய பேட், துவாலை, சோப்பு, பல் துலக்கும் சாமான், செருப்பு, தண்ணீர்ப் போத்தல், கொஞ்சம் பேரீச்சம்பழம்.

3. பிள்ளைக்கு: துவைத்து உலர்த்திய சட்டை, தொப்பி, கையுறை, காலுறை, நாப்கின், போர்த்தும் துணி. காரில் அழைத்து வர குழந்தை இருக்கையைப் பொருத்தி வையுங்கள். 2020 ஜனவரி 1 முதல் அது சட்டப்படி கட்டாயம்.

4. தகப்பனுக்கு: நச்சுக்கொடியை வீட்டாரிடம் ஒப்படைப்பது இங்குள்ள வழக்கம். அதை வாங்கி வந்து அடக்கம் செய்ய, கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்று தனியே இருக்கட்டும்.

5. வேண்டாதவை: நகை வேண்டாம், வளையல், மோதிரம் யாவும் வீட்டிலேயே இருக்கட்டும். பால்புட்டியும் மாவுப்பாலும் வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரிகள் தாய்ப்பாலையே வற்புறுத்துகின்றன.

புறப்படும் நேரம்: வலி விட்டுவிட்டு ஒழுங்காக வந்து நெருங்கினாலும், பனிக்குடம் உடைந்தாலும், இரத்தம் கண்டாலும் தாமதியாதீர்கள். 12 மணி நேரத்தில் பிள்ளையின் அசைவு 10-க்குக் குறைந்தால், வலி இல்லாவிடினும் உடனே செல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் வீடும் கிள்ளானில் கடையும் உள்ளவர், மாலையில் பெடரல் நெடுஞ்சாலை எப்படி அடைபடுமென்று அறிவார். தாம் வந்து சேரும்வரை மனைவி காத்திருக்கலாகாது. அழைத்துச் செல்ல அண்டை வீட்டார் ஒருவரிடமோ உறவினரிடமோ இப்போதே சொல்லி வையுங்கள். பை வாசற்பக்கம் இருக்கட்டும். அது இருக்குமிடம் அவருக்கும் தெரியட்டும்.

இன்றிரவு கடை அடைத்ததும் பெட்டியைத் திறந்து நிக்காஹ் சான்றிதழைத் தேடுங்கள். கிடைத்தால் பையில் வையுங்கள். கிடைக்காவிட்டால், நாளைக் காலையின் முதல் வேலை அதுதான்.