அழகுக்கலைத் தொழிலும் அத்தாட்சியும்

அழகு நிலையம் திறக்க எண்ணும் நம் வியாபாரிகள் இரண்டு பத்திரங்களை ஒன்றெனக் கருதலாகாது. நகராண்மைக் கழகம் தரும் லைசென்ஸ் கடைக்குரியது, கைத்திறனுக்குரியது அன்று. திறனுக்கு மலேசியாவில் 2006ஆம் ஆண்டின் 652ஆம் சட்டப்படி தனி அத்தாட்சி உண்டு. 3ஆம் படிவரை சான்றிதழ். 4ஆம் படி டிப்ளோமா. 5ஆம் படி உயர் டிப்ளோமா.

தோலைத் தூய்மை செய்து பேணுவது அழகுக்கலைஞர் வேலை. ஊசியிட்டுச் சுருக்கம் நீக்குவது மருத்துவர் வேலை. அம்மருத்துவரும் சுகாதார அமைச்சின் அனுமதிக் கடிதம் பெற்றிருத்தல் வேண்டும். 1998ஆம் ஆண்டின் 586ஆம் சட்டப்படி பதிவான கிளினிக்கிலேயே அது நடத்தல் வேண்டும்.

ஆகவே, நம் பிள்ளைகளுக்குப் பயிற்சிக் கட்டணம் கட்டுமுன், அந்நிலையம் திறன் மேம்பாட்டு இலாகாவின் அங்கீகாரம் பெற்றதா என விசாரிப்போம். போட்ட முதல் போனால் மீண்டும் ஈட்டலாம். வாடிக்கையாளரின் முகம் கெட்டால் ஈடு செய்ய இயலுமா?