கப்பலுக்குப் பின்னால் ஒரு வயல்

கண்ணு, கடவுள் உண்டா என்பதைத் தர்க்கமாகப் படிக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். போர்ட் பிளேயரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம், என் வாயில் இன்னும் நுழையவில்லை) நாற்பது வருஷமாக நான் தப்புத்தப்பாகப் படித்ததையும் கொஞ்சம் கேட்டுக்கொள்.

1. முதலில் ஊரைப் பார், புத்தகம் அப்புறம். நம் வீட்டு விளக்கு பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரில் எரிகிறது. டீசல் கப்பலில் வருகிறது. அரிசி, பருப்பு, சிமென்ட்டும் அப்படித்தான். வந்த புதிதில் கடைக்காரரிடம், "இந்த அரிசி எங்கேயிருந்து வருது?" என்றேன். "கப்பல்ல." "கப்பலுக்கு?" "வேற கப்பல்ல இருந்துன்னு வச்சுக்கோங்களேன்" என்று சிரித்தார். ஆயிரம் கப்பலை வரிசையாக நிறுத்தினாலும் அதில் ஒரு படி நெல் விளையாது. எங்கோ ஒரு வயல் வேண்டும். 1037இல் மறைந்த தத்துவ ஞானி இப்னு சீனா சொன்னதன் சாரம் இதுதான். இல்லாமலும் போயிருக்கக்கூடிய பொருள்கள் எத்தனை கூடினாலும், இல்லாமலிருக்கவே முடியாத ஒன்று இன்றி அவற்றின் இருப்பு விளங்காது. வரிசை எவ்வளவு நீளம் என்பதல்ல கேள்வி. நான் அதைப் புரிந்துகொள்ளப் பத்து வருஷம் ஆயிற்று.

2. வீட்டுச் சொத்தைக் கணக்குப் பார்க்காமல் பேசாதே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 12 நூற்பாக்களில் முதலாவதிலேயே இந்த வழக்கைத் தொடுக்கிறார்: சுட்டிக்காட்ட முடிகிற உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது, ஆகவே அதைச் செய்விக்கும் ஒருவன் உண்டு. நான் இதையும் இப்னு சீனாவையும் ஒரே இலையில் பரிமாறி, பானைக்குக் குயவன் போல உலகுக்கு இறைவன் என்று ஒரு கோயிலில் பேசினேன். கடைசி வரிசையில் வேட்டியை மடித்துக் கட்டியிருந்த ஒரு பெரியவர் எழுந்து, "குயவனைச் சொன்னீங்க தம்பி, மண் யாரு குடுத்தா?" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. மெய்கண்டாரின் சைவ சித்தாந்தத்தில் இறைவன் நிமித்த காரணம், அதாவது குயவன். மண்ணாகிய மாயையும் அவனைப் போலவே அநாதி, அது முதற்காரணம். இப்னு சீனாவிடமோ மண்ணின் இருப்பும் அந்த ஒன்றிடமிருந்தே வர வேண்டும். இரண்டும் இருவேறு கடவுள்கள். தெரியாததைத் தெரியாது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம்; சமாளித்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

3. எதிராளிக்கு நல்ல நாற்காலியைப் போடு. 1948இல் பிபிசி வானொலியில் பாதிரியார் கோப்பிள்ஸ்டனும் தத்துவ ஞானி ரசலும் கடவுள் உண்டா என்று வாதிட்டார்கள். ஒவ்வொரு மனிதனுக்கும் தாய் உண்டு என்பதால் மனித குலத்துக்கே ஒரு தாய் உண்டென்று ஆகுமா என்றார் ரசல். முதல் தடவை படித்தபோது குதர்க்கம் என்று தள்ளினேன். மூன்றாம் தடவை தூக்கம் வரவில்லை. பதில் இருக்கிறது, ஆனால் மலிவாகக் கிடைக்காது.

4. வாதம் உன்னைப் படகுத்துறை வரைக்கும்தான் கொண்டுவந்து விடும். தானாக நிற்கும் அந்த ஒன்றுக்குக் கருணை உண்டா, கையில் வேல் உண்டா என்று அது சொல்லாது. நான் முருகனைக் கும்பிடுவது வேறு கணக்கு.

5. இந்த வாதத்தை வலியிருக்கும் இடத்துக்கு எடுத்துப் போகாதே. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கிரேட் நிகோபாரின் தென்கோடியில் இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்து நின்ற நாட்கள். இங்கே ஒரு முகாமில் ஆள் பற்றாக்குறை என்று என்னையும் கூப்பிட்டார்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒருத்தி தார்ப்பாயில் உட்கார்ந்திருந்தாள். நான் குந்தி உட்கார்ந்து, தோன்றியதெல்லாம் ஒடுங்கும், ஒடுங்காதது ஒன்று உண்டு என்று விளக்கினேன். குரலைக்கூடத் தணித்துக்கொண்டுதான். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி யாரையோ பார்த்து, "அண்ணே, கொஞ்சம் தண்ணி" என்றாள். வாளி என் காலடியில்தான் இருந்தது.