ஐந்தருவி பேக்கரி பில்லில் 18% ஜிஎஸ்டியா?

குற்றால சீசன்ல ஐந்தருவியில குளிச்சு முடிச்சதும் வர்ற பசிக்குச் சூடா பப்ஸ், தேங்காய் பன், பிள்ளைங்களுக்கு கிரீம் பன். மொத்தம் 400 ரூபாய்னு வைங்க. அதுக்குக் கீழ ஜிஎஸ்டி 18%, 72 ரூபாய்னு இருந்தா அப்படியே கொடுத்துடாதீங்க.

2024 செப்டம்பர்ல கோவையில நிதியமைச்சர் முன்னாடி ஒரு ஹோட்டல் அதிபர் கிரீம் பன் வரியைப் பத்திக் கேட்டது ஞாபகம் இருக்கும். அப்போ பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வெச்சா 18%. 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி, பப்ஸ் எல்லாமே 5%தான். ஆக, இந்தப் பில்லுக்கு அதிகபட்சம் 20 ரூபாய்.

அந்த 20 ரூபாயைக்கூட எல்லாக் கடையும் கேட்க முடியாது. இங்கதான் நிறைய பேர் கவனிக்கிறதில்லை. பொருள் மட்டும் விற்கிற கடைக்கு வருஷ விற்பனை 40 லட்சத்தைத் தாண்டலைன்னா பொதுவா பதிவு தேவையில்லை. டேபிள் போட்டுப் பரிமாறினா வரம்பு 20 லட்சம். பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கவே கூடாது. ஒன்றரைக் கோடி வரை காம்போசிஷன் திட்டத்துல இருக்கலாம். அவர் வரியைத் தன் கையிலிருந்துதான் கட்டணும், உங்க பில்லில் தனியா சேர்க்கக் கூடாது. (கடைக்காரரே ஐஸ்கிரீம் தயாரிச்சா இந்தத் திட்டம் கிடையாது. விநோதமான விதி, ஆனா இருக்கு!)

வரி போட்டிருந்தா, பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணைத் தேடுங்க. தமிழ்நாட்டுக் கடைன்னா 33ல ஆரம்பிக்கும். செங்கோட்டை தாண்டிக் கேரளப் பக்கம் சாப்பிட்டா 32. அதை ஜிஎஸ்டி இணையதளத்துல போட்டா, கடை ரெகுலரா காம்போசிஷனான்னு லாகின் இல்லாமலே தெரியும். எம்ஆர்பி அச்சடிச்ச பிஸ்கட் பாக்கெட்டுக்கு இந்த வேலையே வேண்டாம், வரி அந்த விலைக்குள்ளேயே இருக்கு.